ஆள் போதாதா, இடம் சரியில்லையா? திருகோணமலை வாசகர்களின் தொழில் கேள்விகள்

பிரதான வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். மாலை நாலு மணிக்குப் பிறகு கடைக்குள் நிற்க இடமிருக்காது. மூன்று பெடியன்கள் நின்றும் சனம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இன்னொருவரை வேலைக்கு எடுக்கவா?

கொஞ்சம் பொறுங்கள். நாளைக்கு நாலிலிருந்து ஐந்து வரை கல்லாவை விட்டு இறங்கி, ஒரு கொப்பியோடு மூலையில் நில்லுங்கள். யாரையும் ஏசவேண்டாம். வந்தவர் எத்தனை மணிக்கு வந்தார், எதற்காகக் காத்து நின்றார், எத்தனை மணிக்குப் போனார் என்று மட்டும் எழுதுங்கள்.

என் மச்சானின் கடையில் நான் இப்படி நின்றிருக்கிறேன். ஒருவர் அரை அங்குல பைப் எல்போ கேட்டார். பெடியன் ஏணியை எடுத்தான், மேல்தட்டில் ஒரு பெட்டியை இறக்கினான், அது முக்கால் அங்குலம். அடுத்த பெட்டியில் T வடிவப் பைப் மூட்டும் எல்போவும் கலந்து கிடந்தன. பிறகு விலை தெரியாமல் மச்சானிடம் ஓடினான். மச்சான் போனில். எண்பது ரூபா சாமானுக்குப் பதினொரு நிமிடம்! பெடியன் சோம்பேறி இல்லை, வியர்த்து ஒழுகிக்கொண்டுதான் நின்றான்.

ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிறுவிய ஒரு சூத்திரம் உண்டு. கடைக்குள் நிற்கும் ஆட்களின் சராசரி எண்ணிக்கை என்பது, வருகிற வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 24 பேர் வந்து ஆளுக்கு 20 நிமிடம் நின்றால் உள்ளே எப்போதும் 8 பேர். 10 நிமிடமாகக் குறைத்தால் 4 பேர். வியாபாரம் அதேதான், நெரிசல் பாதி.

அதனால் முதலில் அதிகம் போகும் நாற்பது ஐம்பது சாமான்களைக் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்குங்கள். ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் ஒரு சாமானைக் கட்டித் தொங்கவிட்டு, விலையை மார்க்கரால் எழுதுங்கள். ஓடாத சரக்கு பின்னுக்குப் போகட்டும். கந்தோர்ச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஜப்பானிய ‘5எஸ்’ என்ற வேலையிட ஒழுங்கு முறையின் முதல் படியே வேண்டாததைப் பிரித்து ஒதுக்குவதுதான். நம்மவர்கள் அதை விட்டுவிட்டுக் கூட்டித் துடைப்பதோடு முடித்துவிடுகிறார்கள். இத்தனையும் செய்தும் சனம் திரும்பினால், அப்புறம் நாலாவது ஆளைப் பற்றி யோசிக்கலாம்.

உப்புவெளியில் ஆறு அறை விடுதி. சீசனில் மூச்சுவிட நேரமில்லை, மாரியில் ஈ ஓட்டுகிறோம். ஆட்களை நிறுத்திவிடலாமா?

நிறுத்தினால் அடுத்த ஏப்ரலில் புது ஆளுக்குப் படுக்கை விரிப்பதிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டிவரும் அக்கா. வெள்ளைக்காரர் வரும் மே தொடங்கி செப்டெம்பர் வரை, பழகிய ஆள்தான் உங்கள் முதல். லீவை எல்லாம் மாரிக்குத் தள்ளிக் கொடுங்கள். சமையல்காரருக்கு அறை பதிவு பார்க்கவும், அறை துப்புரவாக்குபவருக்குக் காலைச் சாப்பாடு போடவும் அந்த மாதங்களில் பழக்குங்கள். பெயின்ட் வேலையை மட்டும் நவம்பரில் தொடாதீர்கள். வாடைக்காற்று மழையில் சுவர் காயாது, பெப்ரவரி மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்று தின்கிற ஏசி வெளிப்பெட்டியையும் சீசனுக்கு முன்பே சேர்வீஸ் செய்துவிட்டால், ஓகஸ்டில் நடுராத்திரி மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை.

புடவைக்கடை நடத்துகிறேன். தீபாவளி, பெருநாள் நேரம் ராத்திரி பத்து வரை ஆட்களை வைத்திருந்தும் விற்பனை அவ்வளவு கூடவில்லையே?

காலை எட்டுக்கு வந்தவர் இரவு ஒன்பதுக்குச் சேலையை விரித்துக் காட்டும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்க வந்தவரும் அதைத்தான் பார்க்கிறார். சட்டமும் இருக்கிறது. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி வேலை. அதற்கு மேல் வாரத்துக்கு 12 மணிதான் ஓவர்டைம், அதுவும் ஒன்றரை மடங்கு சம்பளத்தில். ஒரு பகுதி ஆட்களைக் காலையிலும் மற்றவர்களைப் பிற்பகல் ஒரு மணியிலிருந்தும் வரச் சொல்லுங்கள். சனம் வரும் மாலையில் இரண்டு அணியும் கடையில் நிற்கும்.

வட்ஸ்அப்பில் கருவாட்டு ஓடர் எடுத்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்புகிறோம். வாரத்துக்கு இரண்டு மூன்று ஓடர் தவறிப்போகிறது. ஒரு சொஃப்ட்வெயார் வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் போனிலும் மகனின் போனிலும் ஓடர் வருகிறது, அல்லவா? ஒரே இலக்கமாக்குங்கள். வட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசம்தான். ‘புதுசு’, ‘காசு வந்தது’, ‘பஸ்ஸில் ஏற்றியது’ என்று மூன்று லேபல் போட்டு, ஒவ்வொரு ஓடருக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணைப் பார்சல் மேலும் எழுதுங்கள். பஸ் புறப்பட முன் ‘காசு வந்தது’ லேபலில் யாராவது மிச்சமிருந்தால், அந்தப் பார்சல் இன்னும் வீட்டில் கிடக்கிறது.