தற்காப்பு ஆட்டக்காரருக்குக் காலம் கொடுங்கள்: ஒன்டாரியோ பெற்றோர் ஒருவருக்குப் பதில்

உங்கள் பதினைந்து வயது மகன் ஐஸ் ஹாக்கியில் தற்காப்பு ஆட்டக்காரனாக ஆடுகிறான் என்றும், ஒன்டாரியோ ஹாக்கி லீக் (ஓ.எச்.எல்.) என்ற இளைஞர் தொடரின் வரும் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஏதேனும் ஓர் அணி அவனைத் தேர்ந்தெடுக்கக்கூடும் என்று பயிற்றுநர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். படிப்பு பாழாகிவிடுமோ என்பது உங்கள் அச்சம். வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்பது உங்கள் கணவரின் அச்சம். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆயினும் பதினாறு வயதுக்குள் எல்லாம் முடிவாகிவிடும் என்ற நம்பிக்கையே இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. தற்காப்பு ஆட்டக்காரர்களின் வாழ்க்கையைக் கவனித்தவர்கள் அந்த நம்பிக்கையை ஏற்க மாட்டார்கள்.

வாய்ப்பின் அளவை முதலில் பார்த்துவிடுவோம். வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைத் தொடரான என்.எச்.எல்.-இல் 32 அணிகள் உள்ளன. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி வழக்கமாக ஆறு தற்காப்பு ஆட்டக்காரர்களை இறக்குகிறது. ஆக, எல்லா அணிகளும் ஒரே இரவில் ஆடினாலும் அந்த வேலையில் இருப்பவர்கள் 192 பேர்தான். கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, செக் குடியரசு, ரஷ்யா என எல்லா நாட்டுச் சிறுவர்களும் போட்டியிடுவது இந்த இடங்களுக்கே. இதைச் சொல்வது அவனை மனம் தளரச் செய்வதற்காக அல்ல. அங்கே போய்ச் சேரவில்லை என்றாலும் நல்ல வாழ்க்கை அமையும்படியான பாதையை இப்போதே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முன்கள வீரர் ஒருவர் வேகத்தாலும் கைத்திறனாலும் பதினெட்டு வயதிலேயே மின்ன முடியும். தற்காப்பில் நிற்பவருக்கு அது அரிது. எதிரணி வீரர் முழு வேகத்தில் வரும்போது இவர் பின்னோக்கிச் சறுக்கியபடியே இடைவெளியை அளந்து குறைக்க வேண்டும். மட்டையைச் சரியான கோணத்தில் நீட்டி, அவரைப் பக்கச் சுவரை நோக்கித் தள்ள வேண்டும். பக் (ஆடும் வட்டு) மூலைக்குப் போனால் திரும்பி ஓடி, முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்பதைத் தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு, அடி விழுவதற்குள் முதல் பாஸைக் கொடுத்துவிட வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் அது கோலாக முடியலாம். எல்லாம் சரியாக நடந்தால் பார்வையாளர் கண்ணில் எதுவும் படுவதில்லை. இந்த நிதானம் நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் ஊறி வருவது. உடல் வலுவும் இருபதை ஒட்டித்தான் முழுமை பெறுகிறது. அதனால் உங்கள் மகனின் கோல் கணக்கை வைத்து அவனை எடைபோடாதீர்கள். நெருக்கடியில் அவன் கொடுக்கும் முதல் பாஸ் எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். (அவன் வலப்பக்கமாக மட்டை பிடிப்பவன் என்றால் அது தனிச் சாதகம், அத்தகைய தற்காப்பு ஆட்டக்காரர்கள் குறைவாக இருப்பதால் அணிகள் தேடிப்பிடிக்கின்றன.)

சிலரது வரலாற்றைப் பாருங்கள். நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989 என்.எச்.எல். டிராஃப்டில் மூன்றாம் சுற்றில், 53-வது ஆளாகத் தேர்வானவர். ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பையை அவர் முதன்முதலில் 2001-இல், 31 வயதில் பெற்றார். அதையும் சேர்த்து மொத்தம் ஏழு முறை பெற்றார். டங்கன் கீத் 2002-இல் தேர்வான பிறகும் இரண்டு பருவங்கள் என்.எச்.எல்.-க்கு அடுத்த நிலையிலுள்ள ஏ.எச்.எல். தொடரில் ஆடிய பின்பே சிகாகோ அணிக்குள் வந்தார். டொராண்டோவில் பிறந்த மார்க் ஜியோர்டானோவை எந்த அணியும் என்.எச்.எல். டிராஃப்டில் எடுக்கவில்லை. ஓ.எச்.எல். முடித்துவிட்டுப் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது கல்கரி அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. இடையில் ஒரு பருவம் ரஷ்யாவிலும் ஆடினார். 2019-இல், 35 வயதில், நோரிஸ் கோப்பையைப் பெற்றார். இவர்கள் அரிதினும் அரிதானவர்கள் என்பது உண்மையே. ஆனால் பதினெட்டு வயதில் கிடைத்த மதிப்பீடு இறுதித் தீர்ப்பாக இருக்கவில்லை என்பதற்கு இவர்கள் போதிய சான்று.

இனி பாதைக்கு வருவோம். முன்பெல்லாம் ஓ.எச்.எல். போன்ற பெரிய ஜூனியர் தொடர்களில் ஆடியவர் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் ஆடும் தகுதியை இழந்துவிடுவார்; பதினாறு வயதில் ஒரு வாசலைத் திறந்தால் மற்றொன்று மூடிக்கொண்டது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. உங்கள் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். ஓ.எச்.எல்.-இல் ஒரு பருவத்துக்கு 68 ஆட்டங்கள். வீட்டை விட்டு வேறொரு குடும்பத்துடன் தங்க நேரலாம். நீண்ட பேருந்துப் பயணங்களுக்கு இடையே பள்ளிப் பாடத்தை முடிக்க வேண்டும். கல்லூரி ஹாக்கியில் ஆட்டங்கள் ஏறக்குறைய பாதிதான், பெரும்பாலும் வார இறுதிகளில் நடக்கும். நடுவில் கிடைக்கும் நாட்கள் உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் உதவுகின்றன. கேல் மகார் 2017-இல் நான்காவது ஆளாகத் தேர்வான பிறகும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்கள் ஆடிவிட்டே தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். 2022-இல் என்.எச்.எல். சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பையையும் நோரிஸ் கோப்பையையும் ஒருசேர வென்றார். உயரமாக வளர்ந்துகொண்டிருக்கும், உடல் இன்னும் நிரம்பாத தற்காப்புச் சிறுவனுக்குக் கல்லூரிப் பாதையே ஏற்றது என்பது என் கருத்து. ஓ.எச்.எல்.-ஐத் தேர்ந்தால், ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் மேற்படிப்புக்கு அணி என்ன தரும், எந்தச் சூழலில் அந்த உதவி காலாவதியாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வருமானம் குறித்தும் கேட்டிருந்தீர்கள். 2025-26 பருவத்தில் என்.எச்.எல். குறைந்தபட்ச ஊதியம் 7,75,000 அமெரிக்க டாலர். வரி, முகவர் கட்டணம், வருவாய்ப் பகிர்வுக்காகப் பிடித்துவைக்கும் தொகை ஆகியவை போக மீதியே கைக்கு வரும். இளம் வீரர்களின் முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இருவழி ஒப்பந்தமாக இருக்கும். அதாவது கீழ்நிலைத் தொடருக்கு அனுப்பப்பட்ட நாட்களுக்குப் பலமடங்கு குறைந்த ஊதியமே கிடைக்கும். சுவீடன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளின் தொடர்களில் மரியாதையான வருமானத்துடன் ஆடுபவர்களும் உண்டு.

காயங்களைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எதிரணியின் ஷாட்டை உடலால் தடுப்பதும், மூலையில் முதுகைக் காட்டி நிற்பதும் இந்த இடத்தில் ஆடுபவரின் அன்றாடக் கடமை. ஹாக்கி கனடா 2013-இல் பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் பிரிவு வரை உடல் மோதலைத் தடைசெய்தது. ஆகவே உங்கள் மகன் மோதலை ஏற்கப் பழகி அதிக காலம் ஆகியிருக்காது. தலையில் அடிபட்ட ஐயம் எழுந்தாலே ஆட்டத்தை விட்டு வெளியேற்ற வேண்டும் என்பது ஒன்டாரியோவின் ரோவன் சட்டம். முக்கியமான ஆட்டம் என்று யார் சொன்னாலும் அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தற்காப்பு ஆட்டத்தின் போக்கையே மாற்றிய பாபி ஓர் (Bobby Orr) என்ற வீரருக்கு, முழங்கால் காயங்களால் 1978-இல், 30 வயதில் விலக நேர்ந்தது. அவர் முழுமையாக நம்பியிருந்த முகவர் ஆலன் ஈகிள்சன், 1998-இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். இந்த வயதில் உங்களை அணுகும் முகவர்கள் தங்களைக் குடும்ப ஆலோசகர் என்றே சொல்லிக்கொள்வார்கள். அவர் என்.எச்.எல். வீரர் சங்கத்தின் சான்று பெற்றவரா, அவரிடம் இருக்கும் மற்றச் சிறுவர்கள் இன்று என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவசரமாகக் கையெழுத்து கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

டிராஃப்டில் அவன் பெயர் வராமல் போனால், ஒன்டாரியோ ஜூனியர் தொடரிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் வழி திறந்தே இருக்கிறது. அதற்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண்களும், கல்லூரி ஏற்கும் பாடத் தேர்வும் சரியாக இருக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் பள்ளி ஆலோசகரைச் சந்தித்து அவனது பாடப் பட்டியலைச் சரிபார்த்துவிடுங்கள். அந்தச் சந்திப்பில் அவனும் உடன் இருக்கட்டும்.