பிளெய்ன்ஸ் ஊருக்கு அரை நாள் போதுமா?

வணக்கம். அட்லாண்டாவிலிருந்து முழங்கால் வலியுள்ள தந்தையாருடன் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் சொந்த ஊரான பிளெய்ன்ஸுக்குச் சென்று திரும்ப அரை நாள் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது, ஒருவழிப் பயணமே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும் என்பதால் முழு நாளை ஒதுக்குங்கள்.

முதலில், கார்ட்டரும் அவருடைய மனைவி ரோசலினும் படித்த உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லுங்கள். இப்போது அருங்காட்சியகமாக உள்ள அங்கே, 1977 அதிபர் பதவியேற்பு உரையில் கார்ட்டர் நினைவுகூர்ந்த ஆசிரியை ஜூலியா கோல்மன் பணியாற்றினார். அவருடைய 1976 தேர்தல் பணிமனையாக இருந்த ரயில் நிலையம் மிகச் சிறியது. பத்து நிமிடம் போதும்.

நேரத்தை மிச்சப்படுத்தி, ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஆர்ச்சரியிலுள்ள பண்ணையில் செலவிடுங்கள். நான்கு வயது முதல் கார்ட்டர் வளர்ந்த அவ்வீட்டிற்கு 1938 வரை மின்சாரம் கிடையாது. காற்றாலை இறைத்த நீரும், வேர்க்கடலையும் பருத்தியும் விளைந்த நிலமும், பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்களான அண்டை வீட்டாரும்தான் அவருடைய இளமைக்காலம் என்பதை எந்தக் காட்சிப் பலகையையும்விட அந்த வெட்டவெளி தெளிவாக உணர்த்துகிறது. வெயில் கடுமையாக இருக்கும். தந்தையாருக்குத் தொப்பியும், மடக்கு நாற்காலி ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லை. உணவகங்கள் குறைவு என்பதால், சுமார் 16 கிலோமீட்டர் முன்னதாக வரும் அமெரிக்கஸ் நகரிலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது.