பூனை வந்த கனவு

அன்புள்ள ஐயா,
என் அண்ணன் மகள் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டாள். வயது பன்னிரண்டு. கடைசி வாரத்தில், செத்துப்போன எங்கள் வீட்டுப் பூனை காலடியில் வந்து படுத்துக்கொள்கிறது என்று கனவைச் சொன்னாள். அண்ணி அவள் வாயைப் பொத்தினார். இப்போது அவள் தம்பி, அக்கா கனவில் வருகிறாள் என்கிறான். அவனையும் அடக்குகிறார்கள். அவள் கண்டது மார்ஃபின் என்ற வலி மருந்தின் மயக்கமா, மறு உலகம் உண்டா?
ச., செம்பூர், மும்பை

அன்புள்ள ச.,

மறு உலகம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மயக்கம் என்றும் தள்ளிவிட முடியாது. மருந்துக் குழப்பத்தில் இருப்பவர்களின் பேச்சு தடம்புரளும், பதற்றம் இருக்கும். உங்கள் பெண் கோர்வையாகச் சொல்லியிருக்கிறாள். அமெரிக்காவின் பஃபலோ நகரில் மருத்துவர் கிறிஸ்டோபர் கெர் குழுவினர் சாவை நெருங்கியவர்களிடம் தினமும் கனவுகளைக் கேட்டு 2014இல் வெளியிட்டார்கள். அந்தப் பெரியவர்கள் 59 பேரில் 88 சதவீதத்தினருக்கு இத்தகைய கனவுகள் வந்தன. இறந்த உறவினர்கள் வந்த கனவுகளே அதிக ஆறுதல் தந்தன. குழந்தைகளுக்கு இறந்த மனிதர்களை அவ்வளவாகத் தெரியாது. அதனால் அவர்களிடம் வளர்த்த பிராணிகள் வருகின்றன.

தாராவியில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன் ஒருவன். திருநெல்வேலிக் குடும்பம், பரேலில் வைத்தியம். "தாத்தா குழாயடியில எனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கார் சார்" என்பான். தாத்தா இறந்து வெகுநாள். "அம்மாட்ட சொல்லாதீங்க, அழுவாங்க" என்று அவனே என்னைக் கேட்டுக்கொண்டான். சாகப்போகிற பிள்ளை அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது! மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் 1978இலேயே இதை எழுதிவிட்டார்: பிள்ளைகளுக்குத் தெரியும், பெற்றோருக்காகத் தெரியாததுபோல் இருக்கிறார்கள்.

அபசகுனம் என்று பேச்சை அடக்கும் நம் வழக்கத்தின் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. நோய் போகாது, பிள்ளை மட்டும் தனியாகிவிடும். உங்கள் மேலும் கோபம்தான். பக்கத்தில் இருந்தீர்களே, பூனை என்ன செய்தது என்று நீங்களாவது கேட்டிருக்கக் கூடாதா? இப்போது அந்தக் கனவை மறு உலகத்துக்குச் சாட்சியாக நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

அண்ணியைத் திட்டாதீர்கள். பெற்றவளின் பயம் அது. புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் சுவீடனில் கேட்ட ஆய்வு 2004இல் வந்தது. பிள்ளையோடு சாவைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாதவர்களில் 27 சதவீதத்தினர் வருந்தினார்கள். இந்தக் கணக்கை அண்ணியிடம் இப்போது காட்ட வேண்டாம், அவருக்கு அது தண்டனையாகிவிடும்.

தம்பி இருக்கிறான். இன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்காருங்கள். அக்கா என்ன உடுத்தியிருந்தாள், என்ன பேசினாள் என்று கேளுங்கள். பயந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். அண்ணி அழுதால் அழட்டும், அறையை விட்டு அனுப்பாதீர்கள்.