காலேஜ் பசங்க நடத்தைக்கு வீடு காரணமா, ஸ்கூல் காரணமா? கேட்டவங்களுக்கு என் பதில்கள்

காலேஜ் ஸ்டூடண்ட்ஸுக்கு கவுன்சலிங் பண்றது என் வேலை, அதனால இந்த விஷயத்துல நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீங்க. ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன், ஆள் தெரியுற விவரம் எல்லாம் எடுத்துட்டேன்.

கேள்வி (ஒரு அப்பா): மேடம், ஸ்கூல் முடியுற வரைக்கும் என் பையன் சொன்ன பேச்சு தட்ட மாட்டான். காலேஜ் சேர்ந்து ஒரு செமஸ்டர் கூட முடியல, பாதி கிளாஸுக்கு போறதே இல்லையாம். இப்படி ஒரேயடியா எப்படி மாறுவான்?

பதில்: சார், அவன் பெருசா மாறியிருக்க மாட்டான்னு தான் எனக்கு தோணுது. இவ்வளவு நாளும் காலைல எழுப்பி விட ஒரு ஆள், படின்னு சொல்ல ஒரு ஆள், டெஸ்ட் எப்பன்னு ஞாபகப்படுத்த ஸ்கூல், இப்படி எல்லாமே வெளியில இருந்து தான் நடந்துச்சு, காலேஜ்ல அது அத்தனையும் ஒரே வாரத்துல நின்னு போச்சு. டெசி, ரையன்னு ரெண்டு உளவியலாளர்கள் 1980கள்ல இருந்து இதைப் பத்தி தான் நிறைய எழுதியிருக்காங்க: திட்டுக்கு பயந்து செய்றது, செய்யலன்னா குற்ற உணர்ச்சியா இருக்கும்னு செய்றது, இது எனக்கு வேணும்னு புரிஞ்சு செய்றது, மூணும் வெளியில பாக்க ஒண்ணு மாதிரி தான் இருக்கும், ஆனா மேல ஆள் இல்லாதப்ப முதல் வகை தான் முதல்ல உதிரும். உங்க பையன் எந்த வகையில இருந்தான்னு யோசிங்க. இப்ப போன் பண்ணி கத்துனா பழைய வெளி ஆள் திரும்பி வந்த மாதிரி தான், ரெண்டு வாரம் போவான். அதுக்கு பதிலா எந்த கிளாஸ் போகப் பிடிக்கல, எது புரியல, ராத்திரி எத்தனை மணிக்கு தூங்குறான்னு பேச்சு வாக்குல கேளுங்க, பெரும்பாலும் ஒரு பாடம் புரியாம விட்டது தான் எல்லாத்துக்கும் ஆரம்பமா இருக்கும்.

கேள்வி (ஒரு அம்மா): அப்போ கண்டிப்பே கூடாதுன்னு சொல்றீங்களா? எங்களை எல்லாம் கண்டிச்சு தானே வளத்தாங்க?

பதில்: கண்டிப்பு வேணும்ங்க, கண்டிப்பா வேணும். டயானா பாம்ரிண்ட்னு ஒரு உளவியலாளர் 1960கள்ல பெத்தவங்களை கவனிச்சு மூணு விதமா பிரிச்சாங்க. நான் சொன்னா சொன்னது தான்னு இருக்கறவங்க, எதுக்கும் தடையே போடாதவங்க, ரூல் போட்டு காரணமும் சொல்லி புள்ளைங்க சொல்றதையும் கேக்கறவங்க. 1983ல மெக்கபி, மார்ட்டின்னு ரெண்டு பேர் நாலாவதா கண்டுக்காமலே விடுற வகையையும் சேர்த்தாங்க. மூணாவது வகை வீட்டுல வளந்த பசங்க படிப்புலயும் சரி மனசளவுலயும் சரி சராசரியா நல்லா இருக்காங்கன்னு நிறைய ஆய்வுல வந்திருக்கு, கண்டுக்காம விட்ட வீடு தான் ரொம்ப மோசம். ஆனா ஒரு விஷயம், இதுல முழு பழியும் பெத்தவங்க மேல போட முடியாது, புள்ளையோட இயல்பான குணமும் பெத்தவங்களை மாத்தும், முரண்டு பிடிக்கிற குழந்தை இருந்தா பொறுமைசாலி அம்மாவே கத்த ஆரம்பிச்சிருவாங்க.

கேள்வி (ரெண்டாம் வருஷ மாணவி): அக்கா, அம்மா என் போன்ல லொகேஷன் ஆன் பண்ணி வெச்சிருக்காங்க, வீட்டுக்கு போனா மெசேஜ் எல்லாம் படிப்பாங்க. நான் தப்பா ஒண்ணும் பண்றதில்ல ஆனா எல்லாத்துக்கும் பொய் சொல்லியே பழகிட்டேன். இது சரியாகுமா?

பதில்: ஆகும்மா. உங்க அம்மாவும் இதைப் படிச்சா நல்லா இருக்கும், ஏன்னா இது அவங்களுக்கு தான் முக்கியம். ஸ்வீடன்ல ஸ்டாட்டின், கெர்னு ரெண்டு பேர் 14 வயசு பசங்களையும் பெத்தவங்களையும் வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2000ல வெளியிட்டாங்க. புள்ளைங்க எங்க போறாங்க என்ன பண்றாங்கன்னு நிறைய தெரிஞ்சு வெச்சிருந்த பெத்தவங்களுக்கு அது எப்படி தெரிஞ்சதுன்னு பாத்தா, பெரும்பாலும் புள்ளைங்களே வந்து சொன்னது தான், விசாரிச்சு கண்காணிச்சு கண்டுபிடிச்சது கம்மி. கட்டுப்படுத்தறாங்கன்னு உணர்ந்த பசங்க நிலைமை அவ்வளவு நல்லாவும் இல்ல. 14 வயசுலயே இப்படின்னா 19 வயசுல சொல்லவே வேணாம். நீ சின்னதா ஆரம்பி, சண்டை வராத ஒரு உண்மையை கேக்காமலே நீயா சொல்லு, சாயங்காலம் யாரோட வெளிய போன, எப்ப திரும்பின, அவ்வளவு போதும். கொஞ்ச நாள் போனப்புறம் லொகேஷன் பத்தி பேசு. முதல் நாளே அதை ஆஃப் பண்ணிட்டு சண்டைக்கு நின்னா அம்மாவுக்கு பயம் தான் கூடும்.

கேள்வி (ஸ்கூல் டீச்சர்): எங்க கிட்ட இருந்து போற பசங்க காலேஜ்ல காப்பி அடிக்கிறாங்க, சந்தேகம் கேக்க மாட்டேங்கிறாங்கன்னு எங்களை தான் குறை சொல்றாங்க. நாங்க எதை மாத்தணும்?

பதில்: டீச்சர், முதல்ல நன்றி, இப்படி கேக்கறவங்க ரொம்ப கம்மி. காலேஜ்ல நான் பாக்குற நிறைய பழக்கம் வகுப்பறையில உருவானது தான். தப்பா பதில் சொன்னவனை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்ச கிளாஸ்ல இருந்து வந்தவன் காலேஜ்ல வாயே திறக்க மாட்டான், புரியலன்னு காட்டிக்கிட்டா அவமானம்னு அவனுக்கு பதிஞ்சு போச்சு, அப்ப அசைன்மென்ட் வந்தா பக்கத்து ஆளுது தான் அவனுக்கு பாதுகாப்பு. பாராட்டுலயும் ஒரு சிக்கல் இருக்கு. முல்லர், டுவெக்னு ரெண்டு உளவியலாளர்கள் 1998ல வெளியிட்ட ஆய்வுல அஞ்சாங்கிளாஸ் பசங்கள்ல சிலரை நீ புத்திசாலின்னு பாராட்டினாங்க, சிலரை நல்லா முயற்சி பண்ணேன்னு. அடுத்து கஷ்டமான புதிர் குடுத்து தோக்க விட்டப்ப, புத்திசாலின்னு கேட்டவங்க சீக்கிரம் சோர்ந்தாங்க, வாங்கின மார்க்கை கூட்டி சொன்னவங்களும் அவங்கள்ல தான் அதிகம். ஸ்கூல் டாப்பர் காலேஜ்ல முதல் அரியர் வந்ததும் வீட்டுல மறைக்கிறான்ல, எனக்கு அது இந்த ஆய்வை தான் ஞாபகப்படுத்தும். உங்களால முடிஞ்சா தப்பான விடையை போர்டுல எழுதி எங்க வழி மாறுச்சுன்னு கிளாஸே சேர்ந்து தேடட்டும், வாரத்துக்கு ஒரு தடவை போதும். அப்புறம் நோட்ஸ் முழுசா நீங்களே சொல்லி எழுத வைக்காதீங்க, ஒரு பாடமாவது அவங்களே சுருக்கி எழுதட்டும்.

கேள்வி (முதல் வருஷ மாணவன்): எங்க வீட்டுல காலேஜ் வந்த முதல் ஆள் நான் தான். ப்ரொஃபசர் ரூமுக்கு போய் பேசவே கை நடுங்குது அக்கா. மத்தவங்க சர்வசாதாரணமா போறாங்க.

பதில்: தம்பி, இது கோழைத்தனம் கிடையாது. அனெட் லாரோன்னு ஒரு சமூகவியலாளர் அமெரிக்காவுல குடும்பங்களோட கூடவே இருந்து கவனிச்சு 2003ல எழுதினாங்க. வசதியான வீட்டு குழந்தைங்க டாக்டர் கிட்ட, டீச்சர் கிட்ட கேள்வி கேக்க, எனக்கு இது வேணும்னு சொல்ல சின்ன வயசுலயே பழகிடறாங்க, உழைக்கிற குடும்பத்து குழந்தைங்க அதிகாரத்துல இருக்கறவங்க முன்னாடி ஒதுங்கி நிக்க பழகறாங்க. அவங்களுக்கு வீட்டுலயே கிடைச்ச பயிற்சி உனக்கு இப்ப தான் ஆரம்பிக்குது. எனக்கு எதுவும் புரியலன்னு போகாத, இந்த கணக்குல மூணாவது வரி வரைக்கும் வந்தேன் சார், இதுக்கு மேல போகலன்னு நோட்டோட போ. தனியா போக பயமா இருந்தா ஃப்ரெண்டை கூட்டிட்டு போ.

கேள்வி (ஒரு அண்ணன்): என் தம்பியை கெடுத்ததே அவன் கேங் தான். வீடு, ஸ்கூல்னு ஏன் தேடறீங்க?

பதில்: கூட்டாளிங்களோட தாக்கம் உண்மை தான். கார்ட்னர், ஸ்டைன்பெர்க்னு ரெண்டு உளவியலாளர்கள் 2005ல ஒரு கார் ஓட்டுற கேம் வெச்சு பாத்தாங்க, ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல இருந்தப்ப 13ல இருந்து 16 வயசு பசங்க ரொம்ப ரிஸ்க் எடுத்தாங்க, 18ல இருந்து 22 கொஞ்சம் கம்மி, 24க்கு மேல இருந்தவங்க கிட்ட பெரிய வித்தியாசமே இல்ல. ஆனா யார் கூட சேரணும், அந்த கூட்டத்துல எப்ப வேணாம்னு சொல்லணும்ங்கிறது வீட்டுல அவன் "வேணாம்"னு சொன்னப்ப என்ன நடந்துச்சுங்கிறதையும் பொறுத்தது தான்.

கேள்வி (மூணாம் வருஷ மாணவன்): அப்பா குடிச்சிட்டு அம்மாவை அடிப்பாரு. போன வாரம் ரூம்மேட்டை கோவத்துல நான் அடிச்சிட்டேன். நானும் அவர் மாதிரி ஆயிடுவேனா?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை நீ கேட்டதே எனக்கு பெரிய நம்பிக்கை. அப்படிப்பட்ட வீட்டுல வளந்தா ஆபத்து கூடுதல்னு உண்மை, மறைக்க மாட்டேன், ஆனா பெரும்பாலானவங்க அப்படி ஆகுறதில்ல. எமி வெர்னர்னு ஒரு உளவியலாளர் ஹவாய்ல காவாய் தீவுல 1955ல பொறந்த எல்லா குழந்தைகளையும் பல பத்து வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. வறுமை, வீட்டு சண்டைன்னு ரொம்ப கஷ்டத்துல வளந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேர் நல்ல, அன்பான பெரியவங்களா ஆனாங்க. அவங்கள்ல நிறைய பேருக்கு நம்பிக்கையான ஒரு பெரியவங்க இருந்தாங்க, பாட்டியோ டீச்சரோ யாரோ. மீதி பேர்ல 18 வயசுல தடுமாறின நிறைய பேரும் பின்னாடி வேலை, படிப்பு, நல்ல துணைன்னு கிடைச்சு மீண்டு வந்தாங்க. முதல்ல ரூம்மேட் கிட்ட சாக்கு சொல்லாம மன்னிப்பு கேளு. கோவம் ஏறுறது உடம்புல எங்க தெரியுதுன்னு கவனி, தெரிஞ்ச உடனே அந்த இடத்தை விட்டு வெளிய போயிரு. உங்க காலேஜ் கவுன்சலரை இந்த வாரமே பாரு, தள்ளிப் போடாத.

கேள்வி (ஒரு அம்மா): என் பொண்ணு அடுத்த வருஷம் ஹாஸ்டல் போறா. இப்பவே என்ன பழக்கலாம்?

பதில்: மாச செலவுக்கு காசை மொத்தமா குடுத்து அவளே பாத்துக்கட்டும், பாதியில தீந்தா உடனே நிரப்பாதீங்க, சேர்ந்து உக்காந்து எங்க போச்சுன்னு பாருங்க. காலைல எழுப்பறதை நிறுத்துங்க, லேட்டானா லேட் தான். டாக்டர் கிட்ட போனா அவளே பேசட்டும். தப்பு பண்ணிட்டு வந்து சொன்னா முதல் பத்து நிமிஷம் ஒண்ணும் சொல்லாம கேளுங்க, திட்டணும்னா அப்புறம் திட்டிக்கலாம். ஒரு வருஷம் இருக்குல்ல, தாராளமா போதும்.