டர்பனில் எங்கள் வட்டாரத் தொழிலாளர் வரலாற்றை ஒரு நாள் கலைவிழாவாக நடத்துவது எப்படி?

தென்னாப்பிரிக்க டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் நவம்பர் 16 அன்று கூத்து, பழைய படக் கண்காட்சி, சாப்பாடு என்று கேட்டிருக்கிறீர்கள். 1860இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரின் முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து 342 பேரோடு வந்து சேர்ந்த நாள் அது. திட்டம் நல்லது, தேதிதான் இடிக்கும். நவம்பர் இங்கே மழைக்காலம், மெட்ரிக் தேர்வும் அப்போதுதான். மே மாதத்தில் மழை குறைவு. மே 1 அன்றே வைத்தால் தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு ஆட்களும் பேருந்துகளும் போய்விடும். அதற்கடுத்த சனிக்கிழமை சரியாக வரும். மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால் காலை 10 முதல் 4 வரை போதும்.

தேதியைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கப்பல், கரும்பு, அப்புறம் நேராகக் கோயில், பள்ளிக்கூடம், டாக்டர், வக்கீல் என்று கதையைத் தாண்டவிடாதீர்கள். நடுவில்தான் உழைப்பின் வரலாறு கிடக்கிறது. ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மீது விதித்த மூன்று பவுன் வரியை எதிர்த்து 1913 அக்டோபரில் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் நவம்பரில் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் எஸ்பெரான்சாவிலும் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1914இல் வரி நீங்கியது. அதற்குப் பின் சோம்ட்சூ ரோடு மேகசின் பாரக்ஸில் குடியிருந்த மாநகராட்சித் தொழிலாளர், தையல் ஆலைப் பெண்கள், ஓட்டல் வெயிட்டர்கள். 1973 ஜனவரி 9 அன்று கொரோனேஷன் செங்கல் ஆலையில் வெடித்த வேலைநிறுத்தம் ஃப்ரேம் துணி ஆலைகளுக்கும் மாநகராட்சிக்கும் பரவி மூன்று மாதத்தில் 60,000 பேருக்கு மேல் இறங்கினார்கள். அன்றைக்கு இருபது வயதானவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். காகிதம் காத்திருக்கும், அவர்கள் நினைவு காத்திருக்காது.

1973 வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் சூலு தொழிலாளர்கள். இந்தியத் தொழிலாளரும் பல இடங்களில் சேர்ந்தார்கள். ஆகவே இதைத் தமிழர் விழாவாக மட்டும் நடத்த முடியாது. சூலு மக்களுக்கும் இந்தியருக்கும் இடையே நடந்த 1949 கலவரத்தின் காயம் இரு பக்கத்திலும் இன்னும் இருக்கிறது. எல்லாம் முடிவான பிறகு “நீங்களும் ஒரு நடனம் ஆடுங்கள்” என்று கூப்பிட்டால் அது மரியாதை ஆகாது. சூலு மக்கள் வாழும் உம்லாசியிலிருந்தும் தொழிற்சங்கங்களிலிருந்தும் வருபவர்கள் முதல் கூட்டத்திலேயே குழுவில் இருக்க வேண்டும், பணக் கணக்கு உட்பட.

பொருள் சேகரிக்க ஆறு மாதம் ஒதுக்குங்கள். கப்பல் பட்டியல்கள் க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தில் உண்டு. ஒவ்வோர் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் கொடுக்கப்பட்ட காலனி எண் கிடைத்தால் நொடியில் வேலை முடியும்; வீட்டிலுள்ள பழைய கல்யாணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு போன்ற காகிதங்களில் அது இருக்கக்கூடும். எண் இல்லாவிட்டால் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். காதில் விழுந்தபடி எழுத்தர் எழுதிய பெயர்கள் அவை. ஒரே முனியம்மா நாலு விதமாக இருப்பார். தகப்பன் பெயர், கிராமம், வந்த ஆண்டு மூன்றையும் சேர்த்துத் தேடினால்தான் பிடிபடும்.

வீட்டுப் படங்களை வாங்கிக்கொண்டு வராதீர்கள். திரும்பிப் போகாத படம் ஒன்று போதும், மொத்தத் தெருவும் கதவைச் சாத்திவிடும். சிறிய ஸ்கேனரைக் கொண்டுபோய் அங்கேயே 600 டிபிஐயில் எடுங்கள். படத்தில் இருப்பவர் பெயர்களை இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதுங்கள். பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை ஊறும். ஆயா, தாத்தாமாரின் பேச்சைப் பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்பெட்டி இல்லாத அறையில் உட்காருங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். “போராட்டத்தில் இருந்தீர்களா?” என்று தொடங்கினால் “இல்லை” என்றுதான் வரும். “ஆலையில் எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், மதியச் சாப்பாடு என்ன, சூப்பர்வைசர் எப்படி நடத்துவார்?” என்று கேளுங்கள். வேலைநிறுத்தம் தானாக வந்து விழும்.

கூத்தைப் பற்றி. இங்கே சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்று அறியப்படும் தெருக்கூத்தை விடியவிடிய ஆடினால் இன்றைய கூட்டம் உட்காராது; பலருக்குத் தமிழும் புரியாது. 45 நிமிடமாகச் சுருக்குங்கள், ஆனால் பாட்டை மொழிபெயர்க்க வேண்டாம். கட்டியங்காரனை ஆங்கிலத்திலும் சூலுவிலும் பேசவிடுங்கள். ராஜாவைக் கேலி செய்ய அவனுக்கு எப்போதும் உரிமை உண்டு. கங்காணியான சர்தாரையும் தோட்டத் துரையையும் கேலி செய்ய அதே உரிமை போதும். பக்கத்திலேயே சூலு தொழிலாளர் கவிதைக்கு இடம் கொடுங்கள். டன்லப் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஆல்ஃபிரட் தெம்பா கபூலா 1980களில் தொழிற்சங்கக் கூட்டங்களில் புகழ்ப்பாட்டு மரபில் கவிதை சொன்னார்; அந்த மரபில் இன்று சொல்பவர்களையும் தேடி அழையுங்கள்.

ஒலியில்தான் பல விழாக்கள் கெடுகின்றன. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் மைக் வேண்டாம். இசிகதமியா என்னும் சூலு வாய்ப்பாட்டுக் குழுவுக்கு ஆளுக்கொரு மைக் கொடுத்தால் குரல்கள் பிரிந்துவிடும். முன்னால் மூன்று மைக் போதும். தவில் முடிந்த கையோடு அவர்களை ஏற்றாதீர்கள், கால் மணி நேரமாவது பேச்சு வையுங்கள். தண்ணீர் கொதிக்கும் மின்பானை 2.5 கிலோவாட் வரை இழுக்கும். அதையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே இணைப்பில் போட்டால் நடுப்பாட்டில் ட்ரிப் ஆகும். சமையலுக்குத் தனி இணைப்பு அல்லது எரிவாயு, மேடைக்கு ஜெனரேட்டர்.

300 பேருக்கு பீன்ஸ் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி, கொடுக்கலாம். ரொட்டிக்கு நாலு பேர் என்றால் 75 முழு ரொட்டி. வெட்டாத ரொட்டியாக ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள், கடையில் அந்த எண்ணிக்கை திடீரென்று கிடைக்காது. காய்ந்த சுகர் பீன்ஸ் 24 கிலோ, முந்தின இரவே ஊறவேண்டும். கறி கெட்டியாக இருக்கட்டும். நீர்த்தால் ரொட்டி கையிலேயே பிரியும். விற்கும் கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் உணவுச் சுகாதாரச் சான்று இருக்கிறதா பாருங்கள்.

ஊர்வலம் உண்டென்றால் 1993ஆம் ஆண்டுக் கூட்டங்கள் சட்டப்படி குறைந்தது 7 நாள் முன்பே மாநகராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2,000 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் இடமானால் 2010 நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் வரும், போலீஸ் அபாய மதிப்பீடும் சேரும். அந்த வேலைக்கு மாதங்கள் பிடிக்கும், முதல் ஆண்டு சின்ன மைதானமே நல்லது. பாட்டுக்கு இசைப் பதிப்புரிமை அமைப்பான சாம்ரோவின் உரிமம் வேண்டும். கூட்டத்தைக் கையாள ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவில் தொண்டு செய்பவர்களைக் கூப்பிடுங்கள்.

விழா முடிந்த ஒரு மாதத்துக்குள் படம் கொடுத்த வீடுகளுக்கு நல்ல பிரதி ஒன்று போய்ச் சேரவேண்டும். குரல் பதிவுகளை இரண்டு வன்தட்டுகளில் இரண்டு இடத்தில் வையுங்கள்; பேசியவர் சம்மதித்தால் ஒரு பிரதி வெஸ்ட்வில் ஆவண மையத்துக்கு. சம்மதப் படிவத்தைப் பதிவன்றே வாங்கிவிடுங்கள், பிறகு தேடிப் போவது கடினம்.