ஆன்டிவைரஸ், கிளீனர், பேக்கப்: கம்ப்யூட்டரோடு வந்ததே போதுமா?

கேள்வி: புதிதாக விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினேன். ஆன்டிவைரஸ், வேகம் கூட்டும் கிளீனர், பிடிஎஃப் உருவாக்கும் சாஃப்ட்வேர் மூன்றும் சேர்ந்த பேக் ஒன்றையும் வாங்கச் சொல்கிறார் விற்றவர். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மூன்று வேலைக்கும் தேவையானது லேப்டாப்பிலேயே இருக்கிறது. விண்டோஸுக்கான காசு லேப்டாப் விலையிலேயே அடங்கிவிட்டது. அதே வேலைக்கு எதற்கு இன்னொரு முறை கொடுக்க வேண்டும்?

முதலில் ஆன்டிவைரஸ். விண்டோஸ் 8 வந்த 2012 முதலே டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே வருகிறது. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து பாருங்கள். பச்சை டிக் தெரிந்தால் அது வேலை செய்கிறது. வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். என் பழைய லேப்டாப்பில் ஒரு ட்ரையல் ஆன்டிவைரஸ் கூடவே வந்திருந்தது. அதன் கெடு முடியப்போகும் நாட்களில், 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது' என்று சிவப்பு எழுத்தில் தினமும் மிரட்டும். பணம் கட்டவில்லை. அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன், டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்துவிட்டது. பயந்துபோய் கார்டு நம்பரைக் கொடுப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும்: போலி இணையதளத்தில் நீங்களே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால், இலவசமோ காசு கொடுத்ததோ, எந்த ஆன்டிவைரஸையும் நம்பி உட்கார முடியாது.

அடுத்து கிளீனர். இதைத்தான் கண்டிப்பாக வாங்காதீர்கள் என்பேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதிக்குப் போனால், லேப்டாப்பை ஆன் செய்யும்போதே கூடவே எழுந்துகொள்ளும் சாஃப்ட்வேர்களின் வரிசை தெரியும். எதிரே 'ஹை' என்று இருப்பவைதான் நம்மைக் காக்க வைப்பவை. சாட் ஆப், கேம் லாஞ்சர் மாதிரி உடனே தேவைப்படாதவற்றின் மேல் ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். சாஃப்ட்வேர் அழிந்துவிடாது; நீங்கள் திறக்கும்போது திறக்கும், அவ்வளவுதான். அப்புறம் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் குப்பையை அங்கேயே நீக்கலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் இறக்கி வைத்த ஃபைல்கள் எல்லாம் போய்விடும். விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமித்து வைக்கும் இடமான ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் சாஃப்ட்வேர்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை.

பிடிஎஃப் உருவாக்க, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பெயருக்குப் பதில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். உள்ளே இருக்கும் எழுத்தைத் திருத்துவதே உங்கள் அன்றாட வேலை என்றால் மட்டும் அதற்கென்று தனி சாஃப்ட்வேர் பார்க்கலாம்.

கேள்வி: விண்டோஸில் ஹோம் பதிப்பா, ப்ரோ பதிப்பா? வீட்டு உபயோகம்தான்.

பதில்: ஹோம் போதும். டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் முழு பிட்லாக்கர் வசதியும், வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இந்தக் கம்ப்யூட்டருக்குள் வரும் வசதியும் ப்ரோவில்தான் உண்டு. பின்னால் தேவைப்பட்டால் ஃபைல்கள் அப்படியே இருக்க, அதே கம்ப்யூட்டரை ப்ரோவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: முக்கியமான ஃபைல்கள் எல்லாம் ஒன்டிரைவில் இருக்கின்றன. தனியாக பேக்கப் தேவையா?

பதில்: தேவை. மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவ் செய்வது சிங்க், அதாவது இங்கும் அங்கும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே ஒரு ஃபோட்டோவை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அதன் ரீசைக்கிள் பின்னில் கொஞ்ச நாள் கிடக்கும். அதற்குள் கவனித்தால் மீட்கலாம். இலவசமாகக் கிடைக்கும் இடமும் 5 ஜிபிதான், ஃபோட்டோக்களுக்கே காணாது.

செலவு செய்வதென்றால் இங்கே செய்யுங்கள் என்பேன். அந்த பேக்குக்கு வைத்திருந்த காசில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். அதைச் செருகிவிட்டு, கன்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி'யை ஆன் செய்யுங்கள். டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்களில் மாறியதை, டிஸ்க் செருகியிருக்கும்போது மணிக்கு ஒரு முறை நகல் எடுத்து வைக்கும். பழைய நகல்களும் இருப்பதால், தவறாகத் திருத்திச் சேமித்த ஃபைலின் நேற்றைய வடிவத்தைக்கூடத் திரும்ப எடுக்கலாம். ஆன் செய்த அன்றே ஏதாவது ஒரு ஃபைலை மீட்டெடுத்துப் பாருங்கள். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், செருகியே இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.