தாத்தாவின் சவரக்கத்தியில் துரு

கேள்வி: தேக்கா பக்கம் முடிதிருத்தும் கடை வைத்திருந்த தாத்தாவின் மடக்குச் சவரக்கத்திகள் இரண்டு, அலமாரியை ஒழிக்கும்போது கிடைத்தன. இரண்டிலும் கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான சோலிங்கனின் முத்திரை இருக்கிறது. கொம்புப் பிடி போட்டதில் லேசான துருதான், ஆமை ஓட்டு நிறத்தில் பிடி உள்ளதில் மட்டும் துரு அதிகம். வினிகரில் ராத்திரி முழுக்க ஊறப்போடச் சொல்கிறான் தம்பி. செய்யலாமா? – வாசகர், ஈசூன்

பதில்: வேண்டவே வேண்டாம். பித்தளை விளக்குக்குப் புளி சரி, இது கார்பன் எஃகு. வினிகரோ எலுமிச்சையோ துருவைத் தின்றுவிட்டு எஃகையும் அரிக்கும், தாள் மாதிரி மெலிந்திருக்கும் கூர்ப்பக்கம்தான் முதலில் போகும்.

பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால் அது துரு. சமமாகப் படிந்த கருஞ்சாம்பல் கறை கெடுதல் செய்யாது, அதைச் சுரண்டவேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, பழைய துணியால் அழுத்தித் துடைத்தாலே மேலாக இருக்கும் துரு பெரும்பாலும் வந்துவிடும். மிச்சத்துக்கு 1000, அப்புறம் 2000 நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, கத்தியைப் பலகைமேல் படுக்கவைத்து, முதுகிலிருந்து கூர்ப்பக்கம் நோக்கி ஒரே திசையில் தேயுங்கள், எதிர்த்திசையில் விரல் போகவே கூடாது. முத்திரை இருக்கும் இடத்தில் கை லேசாக இருக்கட்டும், பொன்முலாம் எழுத்து இருந்தால் அங்கே தேய்க்கவே தேய்க்காதீர்கள், போனால் வராது. ட்ரில் மெஷினில் பாலிஷ் சக்கரம் மாட்டித் தேய்ப்பதும் ஆபத்து. மெல்லிய எஃகு நொடியில் சூடேறும், கூர் நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, எவ்வளவு தீட்டினாலும் நிற்காது.

சவரம் செய்ய நினைத்தால் கூர்ப்பக்கத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். துரு அரித்த குழி அங்கே இருந்தால், நல்ல எஃகு வரும்வரை சாணைக்கல்லில் தேய்த்து இறக்கவேண்டும், அது பழகிய கை செய்யவேண்டிய வேலை. அதுவரை முகத்தில் வைக்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் துரு அதிகம் என்கிறீர்களே, அந்தப் பிடிமேல்தான் எனக்குச் சந்தேகம். ஆமை ஓட்டு நிறத்தில் அந்தக் காலத்தில் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் பிடிகள் நிறைய வந்தன, கர்ப்பூரம் சேர்த்துச் செய்தவை. பழசாகிச் சிதையும்போது அதிலிருந்து அமில ஆவி கிளம்பி, மடித்து வைத்த எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். மடிக்கும்போது பிடிக்குள் போகும் பகுதியில் துரு கூடுதலா, பிடியில் விரிசலோ பிசுபிசுப்போ காரமான வாடையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றாமல் துருவை எடுத்துப் புண்ணியமில்லை, திரும்ப வரும். கழற்றிய பிடியை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், சட்டென்று தீப்பற்றும்.

நம் ஊர் ஈரக்காற்றுக்குக் குளியலறை ஆகாது, தோலுறையும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், இரண்டையும் தனித்தனியாக.